படகில் எத்தனை பேர்? – ஓடச் சட்டங்களின் கதை

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடந்தால் முட்டுக்காடு வருகின்றது. பாலத்தின் மேல் நின்று பாருங்கள். ஒருபுறம் கோவளம் கழிமுகமும் வங்கக் கடலும் தெரியும். மறுபுறம் அகன்ற உப்பங்கழி. அதன் ஊடாக வடக்கிலிருந்து தெற்காகப் பக்கிங்காம் கால்வாய் செல்கின்றது. 1984இல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் இங்கே படகுக் குழாமைத் தொடங்கியது. அன்று முதல் பள்ளிச் சுற்றுலா வரும் மாணவர்களும் குடும்பத்தோடு வருவோரும் துடுப்புப் படகிலும் மிதிபடகிலும் விசைப்படகிலும் இங்கே நீர்மேல் சென்று வருகின்றனர்.

நீங்களும் ஒரு முறையாவது இத்தகைய படகில் ஏறியிருப்பீர்கள். ஏறுமுன் அங்கே எழுதியிருக்கும் ஓர் எண்ணைக் கவனித்திருக்கிறீர்களா? இந்தப் படகில் இத்தனை பேர்தான் ஏறலாம் என்று கூறும் எண் அது. பார்ப்பதற்கு மிக எளிய எண்தான். ஆனால் அதற்குப் பின்னால் இரண்டாயிரம் ஆண்டுச் சட்ட வரலாறும், ஆர்க்கிமிடீசில் தொடங்கும் அறிவியலும், எண்ணற்ற உயிரிழப்புகளும் உள்ளன. அந்த எண் எவ்வாறு பிறந்தது, அது படகுக்கு வந்து சேர ஏன் இத்தனை காலம் ஆயிற்று என்பதைப் பார்ப்போம்.

பழைய நூல்களில் ஓடத்துறை

பாலங்கள் அரிதாக இருந்த காலத்தில் ஆற்றைக் கடக்க ஓடமே வழி. தமிழில் அதற்கு எத்தனை சொற்கள்! ஓடம், தோணி, அம்பி, பஃறி, பரிசல், புணை, தெப்பம் என்று பெயர்கள் பல. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் நுழையுமுன் வையையைக் கடக்கும் இடத்தைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. குதிரைமுகமும் யானைமுகமும் சிங்கமுகமும் அமைந்த ஓடங்கள் அந்தப் பெருந்துறையில் இருந்தன. ஆனால் அவ்விருவரும் அவற்றை விடுத்து மரப்புணையில் ஏறிச் செல்கின்றனர். பெரிய ஆற்றுத்துறை ஒன்றில் பலவகை ஓடங்கள் ஒழுங்காக இயங்கின என்பது இதனால் தெரிகின்றது.

ஓடக்காரருக்கான விதிகளை விரிவாகக் கூறும் பழைய நூல்களுள் ஒன்று கௌடிலியரின் அர்த்தசாத்திரம். அதில் கப்பல்களையும் ஓடங்களையும் மேற்பார்க்கும் அதிகாரி ஒருவரைப் பற்றித் தனி இயலே உண்டு. சுமையுடன் கடக்கும் மனிதனுக்கு ஒரு மாசம், பசுவுக்கும் குதிரைக்கும் இரண்டு மாசம், ஒட்டகத்துக்கும் எருமைக்கும் நான்கு மாசம் என்று ஓடக்கூலி அங்கே வரையறுக்கப்பட்டுள்ளது. மாசம் என்பது அக்காலத்துச் சிறு நாணயம். சிறுவர், முதியோர், நோயாளிகள், கருவுற்ற பெண்கள் ஆகியோருக்குக் கூலி இல்லை. உரிய துறையல்லாத இடத்திலும் உரிய நேரமல்லாத வேளையிலும் கடப்போருக்குத் தண்டம் உண்டு.

இவற்றையெல்லாம்விட வியப்பளிக்கும் விதி ஒன்று உள்ளது. ஆட்களோ கருவிகளோ குறைவாக இருந்ததாலும், பழுது நீக்காமல் விட்டதாலும் ஓடம் மூழ்கினால், அந்த இழப்பை மேற்பார்வை அதிகாரியே ஈடு செய்ய வேண்டும்! மனுநீதி நூலிலும் இதே போன்ற ஒரு கருத்து வருகின்றது. ஓடக்காரர்களின் தவற்றால் ஏற்படும் இழப்பை அவர்களே கூட்டாகத் தர வேண்டும். தெய்வச் செயலால் நேர்ந்ததற்குப் பொறுப்பில்லை என்கிறது அது.

இங்கே இரண்டு கேள்விகளை நாம் பிரித்தறிய வேண்டும். ஓடத்தில் வசூலாகும் காசு யாருக்கு என்பது முதல் கேள்வி. ஓடத்தில் செல்லும் உயிருக்கு யார் பொறுப்பு என்பது இரண்டாம் கேள்வி. பிற்காலச் சட்டங்களுள் பெரும்பாலானவை முதல் கேள்விக்கு உடனே விடை கூறின. இரண்டாம் கேள்விக்கு விடை கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று.

ஏலத்தில் போன துறைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில ஆட்சி ஓடத்துறைகளைச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. வட இந்திய ஓடத்துறைகள் சட்டம் 1878இல் வந்தது. வங்காளத்துக்கு 1885இல் ஒரு சட்டம். சென்னை மாகாணத்துக்கு 1890இல் இரண்டாம் எண் சட்டமாக ‘கால்வாய்கள், பொது ஓடத்துறைகள் சட்டம்’ இயற்றப்பட்டது. பெயர் மட்டும் ‘தமிழ்நாடு’ என்று மாறி, இன்றைய தமிழகச் சட்டங்களின் வரிசையிலும் அது இடம்பெற்றுள்ளது.

இத்தகைய சட்டங்களின் அடிப்படை ஒன்றுதான். முதலில் ஒரு துறையைப் ‘பொதுத்துறை’ என்று அரசு அறிவிக்கும். பின்னர் அங்கே ஆயம் வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடும். 1878ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்தால் இது நன்கு விளங்கும். குத்தகை ஏலத்தில் விடப்பட்டது. ஆய விகிதத்தை எழுதித் துறையில் அனைவரும் காணத் தொங்கவிட வேண்டும். பொதுத்துறைக்கு இரண்டு மைல் தொலைவுக்குள் வேறு எவரும் அனுமதியின்றி ஓடம் விடக்கூடாது. ஓடத்தின் அளவு, ஏற்றக்கூடிய ஆட்களின் தொகை முதலியவற்றுக்கு விதி செய்யும் அதிகாரமும் அரசுக்கு இருந்தது.

இந்த ஏற்பாட்டைக் குத்தகைதாரரின் கண்ணால் பாருங்கள். அவர் ஏலத்தில் பெருந்தொகைக்குத் துறையை எடுத்திருக்கிறார். ஆளுக்கு இவ்வளவு என்று கூலியை அரசு குறித்துவிட்டது. அதை அவர் உயர்த்த முடியாது. அப்படியானால் போட்ட பணத்தை எடுக்க அவருக்கு உள்ள வழிகள் எவை? ஒன்று, ஒரு நடைக்கு ஏற்றும் ஆட்களின் தொகையைக் கூட்டலாம். மற்றொன்று, ஓடத்தைப் பழுது பார்க்கும் செலவைக் குறைக்கலாம். இரண்டும் பயணிக்கு ஆபத்தானவை. ஆற்றைக் கடக்க வேறு ஓடம் இல்லாததால் பயணி மறுத்து நிற்கவும் இயலாது.

எனவே ஓடக்காரரின் பேராசை என்று மட்டும் இதைக் கூறிவிட முடியாது. ஏலத்தொகை ஏற ஏற ஓடத்தில் கூட்டமும் ஏறும் வகையில் அந்த ஏற்பாடே அமைந்திருந்தது. அளவுக்கு மீறி ஏற்றாதே என்று விதி எழுதலாம். அதை யாராவது துறையில் நின்று எண்ணினால்தான் அவ்விதிக்கு உயிர் உண்டு.

கால்வாய்ப் படகுகள் போன வழி

முட்டுக்காட்டு உப்பங்கழியின் ஊடே செல்லும் கால்வாய்க்கும் ஒரு வரலாறு உண்டு. 1806இல் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கிய கால்வாய், முதலில் காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. 1837இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. 1877–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தின்போது, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்ப் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. வடக்கே ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் முதல் தெற்கே மரக்காணம் வரை இது ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீண்டது.

மாமல்லபுரத்துக்கு நல்ல சாலை இல்லாத காலத்தில் பயணிகள் சென்னையில் மாலை படகேறி, இரவெல்லாம் இக்கால்வாயில் சென்று, காலையில் சிற்பங்களைக் காண்பர். பாய் விரித்தும், கோல் ஊன்றியும், கரையிலிருந்து கயிறு கட்டி ஆட்கள் இழுத்தும் இப்படகுகள் சென்றன. பாரதிதாசன் இக்கால்வாய்ப் பயணத்தை ‘மாவலிபுரச் செலவு’ என்னும் பாடலில் பதிவு செய்துள்ளார். 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலைப்பிலேயே கால்வாயும் ஓடத்துறையும் சேர்ந்து வருவதன் காரணம் இப்போது விளங்குகின்றது அல்லவா? சென்னை மாகாணத்தின் கரையோரத்தில் மக்களும் சரக்கும் நீர்வழியாகவே பெரிதும் சென்ற காலம் அது.

1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைப் பெரிதும் சிதைத்தன. சாலைகளும் லாரிகளும் பெருகின. படகுப் போக்குவரத்துப் படிப்படியாக மறைந்தது. படகுக் குழாம் வந்தபோது முட்டுக்காட்டு நீர், ஊர்விட்டு ஊர் செல்லும் வழியாக இல்லாமல் உல்லாசப் பயண இடமாக மாறியிருந்தது. ஆனால் படகு மிதக்கும் விதி மட்டும் மாறவில்லை.

ஒரு சென்டிமீட்டர்க் கணக்கு

இனி அந்த எண்ணுக்கு வருவோம். ஒரு படகில் எத்தனை பேர் ஏறலாம் என்பதை எவ்வாறு கணக்கிடுவது? இதற்குப் பெரிய கணிதம் வேண்டியதில்லை. நீங்களே தாளில் போட்டுப் பார்க்கலாம்.

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகின்றது என்று ஆர்க்கிமிடீஸ் கண்டார். 6 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள ஒரு படகை எடுத்துக்கொள்வோம். முன்னும் பின்னும் குறுகியிருப்பதால் அது நீர்மட்டத்தில் அடைக்கும் பரப்பு ஏறத்தாழ 8 சதுரமீட்டர் என்று கொள்வோம். இப்படகு ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்தால் 80 லிட்டர் நீரை விலக்கும். அதாவது ஒவ்வொரு 80 கிலோ எடைக்கும் படகு ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்கும். உவர்நீர் சற்று அடர்த்தி மிக்கது; ஆயினும் வேறுபாடு சிறிதே.

அனுமதிக்கப்பட்ட ஆட்கள் ஏறி அமர்ந்தபின் நீர்மட்டத்துக்கு மேல் படகின் விளிம்பு 30 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது என்க. இன்னும் 10 பேர் ஏறுகின்றனர். ஆளுக்கு 60 கிலோ வீதம் 600 கிலோ. படகு மேலும் 7.5 சென்டிமீட்டர் அமிழும். மீதமுள்ள உயரம் 22.5 சென்டிமீட்டர். “இவ்வளவு இருக்கிறதே, பயமென்ன?” என்று தோன்றும். பலரும் ஏமாறும் இடம் இதுதான்.

படகு சற்றே சாய்வதாகக் கொள்வோம். பத்துப் பாகைச் சாய்வு போதும். படகின் நடுவிலிருந்து விளிம்பு ஒரு மீட்டர் தள்ளி இருப்பதால், சாயும் பக்கத்து விளிம்பு ஏறத்தாழ 17.5 சென்டிமீட்டர் இறங்கிவிடும். 22.5இல் 17.5 போனால் எஞ்சுவது 5 சென்டிமீட்டர். உங்கள் மூன்று விரல்களின் அகலம். அருகே ஒரு விசைப்படகு சென்றால் எழும் அலையே உள்ளே நீரைக் கொட்டிவிடும். கூடுதல் ஆட்கள் இல்லாதிருந்தால் அதே சாய்விலும் 12.5 சென்டிமீட்டர் மீதம் இருந்திருக்கும்.

உள்ளே புகுந்த நீர் சும்மா இருப்பதில்லை. அது தாழ்ந்த பக்கத்துக்கே ஓடித் தேங்கும். அதனால் சாய்வு மிகும்; மேலும் நீர் புகும். அதன்பின் படகு கவிழச் சில நொடிகளே போதும்.

சாய்ந்த படகு மீண்டும் நிமிர்வது எதனால்? படகின் எடை முழுவதும் புவியீர்ப்பு மையத்தின் வழியாகக் கீழ்நோக்கி இயங்குகின்றது. நீரின் தூக்குவிசை மிதப்பு மையத்தின் வழியாக மேல்நோக்கி இயங்குகின்றது. படகு சாயும்போது மிதப்பு மையம் சாய்ந்த பக்கத்துக்கு நகர்ந்து படகை நிமிர்த்தப் பார்க்கும். புவியீர்ப்பு மையம் மிக உயர்ந்துவிட்டால் இந்நிமிர்த்தும் ஆற்றல் குறைந்து, ஓர் எல்லைக்குப் பின் கவிழ்க்கும் ஆற்றலாக மாறிவிடும். அந்த எல்லையைக் குறிக்கும் புள்ளியை ‘மெட்டாசென்டர்’ என்பர். பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகே 1746இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார்.

அமர்ந்திருக்கும் ஒருவர் எழுந்து நின்றால் அவர் உடலின் எடை மையம் ஏறத்தாழ ஒன்றரைச் சாண் உயர்கின்றது. படகில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே பக்கம் சென்று வேடிக்கை பார்த்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். “உட்காருங்கள், எழாதீர்கள்” என்று ஓடக்காரர் அதட்டுவது இந்த அறிவியலைத்தான்.

கோடு வரைந்த சட்டம்

அறிவியல் 1746லேயே தெரிந்துவிட்டது. சட்டம் எப்போது விழித்தது?

இங்கிலாந்தில் அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய கப்பல்கள் மாலுமிகளோடு மூழ்குவது வழக்கமாக இருந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் இதை எதிர்த்துப் போராடினார். அதன் பயனாக 1876இல் கப்பலின் விலாவில் சுமைக்கோடு வரைய வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆனால் அக்கோட்டை எங்கே வரைவது என்பதைக் கப்பல் உரிமையாளரே முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டனர்! 1890ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கோட்டின் இடத்தையும் அரசு வரையறுத்தது. நம் சென்னை மாகாணத்தின் ஓடத்துறைச் சட்டமும் அதே ஆண்டில் வந்ததே என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இந்தியாவில் 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத் தொகுப்பு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அதன் 282ஆம் பிரிவு, உயிருக்கு ஆபத்து விளையும் அளவுக்குப் பழுதான அல்லது சுமை மிகுந்த கலத்தில் கூலிக்கு ஆளை ஏற்றிச் செல்வதைக் குற்றமாக்கியது. அறிந்து செய்தாலும் குற்றம். கவனக்குறைவால் செய்தாலும் குற்றம். ஓட்டுபவர் மட்டுமின்றி, ஓட்டச் செய்பவரும் குற்றவாளி. ஆகவே கரையில் அமர்ந்து காசு வாங்கும் முதலாளியும் தப்ப முடியாது. தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1860இல் ஆயிரம் ரூபாய் பெருந்தொகை. ஆனால் 2024 வரை அத்தொகை மாறவே இல்லை! நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அச்சம் தரும் தொகை அற்பத் தொகையாகிவிட்டது.

நீராவிப் படகுகள் வந்தபின் 1884இலும், பின்னர் 1917இலும் உள்நாட்டு நீராவிக் கலங்கள் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1917ஆம் ஆண்டுச் சட்டம்தான் நாம் தேடும் எண்ணுக்கு முறையான பிறப்புச் சான்று எனலாம். பயணிகளை ஏற்றும் நீராவிக் கலத்தை ஆய்வாளர் ஒருவர் ஆய்ந்து சான்றிதழ் தர வேண்டும். எந்த நீரில் செல்லலாம், எத்தனை பேரை ஏற்றலாம் என்பன அதில் இருக்க வேண்டும். அச்சான்றிதழை எல்லோரும் காணும் இடத்தில் ஒட்ட வேண்டும். கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு பயணிக்கும் பத்து ரூபாய் வரை உரிமையாளருக்கும் தலைமை ஓட்டுநருக்கும் தனித்தனியே அபராதம்.

ஆனால் இச்சட்டத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. இது நீராவிக் கலத்துக்கு மட்டுமே பொருந்தும். பின்னர் விசையால் இயங்கும் எல்லாக் கலங்களுக்கும் என விரிந்தது. நம் நாட்டில் மிகப் பெரும்பாலான மக்களை அக்கரை சேர்த்த துடுப்பு ஓடமும் பரிசலும் இதற்குள் வரவில்லை.

சட்டம் எழுதினால் மட்டும் போதாது, அறிவியலும் உடன் வர வேண்டும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று. டைட்டானிக் மூழ்கியபின் கப்பல்களில் உயிர்காப்புப் படகுகள் போதிய அளவு இருக்க வேண்டும் என்று சட்டம் வற்புறுத்தியது. ‘ஈஸ்ட்லேண்ட்’ என்னும் பயணிக் கப்பலின் மேல்தளத்தில் அவ்வாறே கூடுதல் படகுகளை ஏற்றினர். ஏற்கெனவே தலைகனமான கப்பல் அது. 1915 ஜூலை 24 அன்று சிகாகோ ஆற்றில், துறையில் கட்டியிருந்த நிலையிலேயே அது புரண்டது. கரைக்கு அருகிலேயே 844 பேர் மாண்டனர்.

முட்டுக்காட்டு நீர் யாருடையது?

இன்று முட்டுக்காட்டில் ஒரு படகு விட எந்தச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்? நம் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையைப் புரட்டினால் விடை சுவையாக இருக்கும்.

ஓடத்துறைகள் மாநிலப் பட்டியலில் உள்ளன. விசையால் இயங்கும் கலங்களின் உள்நாட்டு நீர்ப் போக்குவரத்து பொதுப் பட்டியலில் உள்ளது. மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றலாம். தேசிய நீர்வழி என்று நாடாளுமன்றம் அறிவித்த பகுதியில் விசைக்கலப் போக்குவரத்து மத்தியப் பட்டியலுக்குப் போய்விடும். பக்கிங்காம் கால்வாய் 2008இல் நான்காம் தேசிய நீர்வழியின் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 1992ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த பதினோராம் அட்டவணையோ, ஓடத்துறைகளையும் நீர்வழிகளையும் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய பொருள்களுள் வைத்துள்ளது.

எனவே, துடுப்புப் படகு மாநிலச் சட்டத்தின் கீழ் வரும். அதே கழியில் செல்லும் விசைப்படகுக்கு மத்தியச் சட்டமும் மாநில விதிகளும் பொருந்தும். கால்வாய்த் தடத்தில் சென்றால் தேசிய நீர்வழிச் சட்டமும் சேரும். கழிமுகத்தைத் தாண்டினால் கடல். அங்கே வணிகக் கப்பல் சட்டம் காத்திருக்கும். ஒரு கல்லெறி தூரத்துக்குள் இத்தனை எல்லைகள்!

பல சட்டங்கள் இருந்தால் பாதுகாப்பும் பலமடங்கு என்று எண்ணிவிடாதீர்கள். பொறுப்பாளர் பலராகும்போது, படகில் ஏறும் தலைகளை எண்ணுவது வேறு ஒருவர் வேலை என்று ஒவ்வொருவரும் இருந்துவிட வாய்ப்புண்டு.

நீர் எழுதிய தீர்ப்புகள்

இதன் விளைவுகளை நம் காலத்திலும் நம் அண்டையிலும் கண்டிருக்கின்றோம்.

1924 ஜனவரி 16 அன்று கொல்லத்திலிருந்து ஆலப்புழை சென்ற ‘ரிடீமர்’ என்னும் படகு பல்லனை என்னுமிடத்தில் கவிழ்ந்தது. அளவுக்கு மீறிய கூட்டம் அதில் இருந்தது. மலையாள மகாகவி குமாரன் ஆசான் அதில் உயிரிழந்தார்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ என்னும் இரட்டைத்தளப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். கரையில் தெரிந்த விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டபோது படகு சாய்ந்தது. நாம் மேலே கணக்கிட்ட அறிவியல் இங்கே உயிர் குடித்தது. அப்படகு கேரள அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு உரியது. அரசின் படகு என்பதால் நீர் விதிவிலக்குத் தருவதில்லை.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். உயிர்காப்பு மிதவைகள் அணிந்திருக்கவில்லை. அதன்பின் அங்கே சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. மீன்பிடிப்பு இல்லாத வேளையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சிறிது பொருளீட்டிய மீனவர்களுக்கு அத்தடை ஓர் இழப்பு. முறையான உரிமம், ஆய்வு, மிதவை ஆகியவற்றை முன்னரே அமைத்துக் கொடுத்திருந்தால் உயிரும் பிழைத்திருக்கும், பிழைப்பும் நிலைத்திருக்கும்.

2014 ஜனவரி 26 அன்று அந்தமானில் சுற்றுலாப் படகு ஒன்று மூழ்கி 21 பேர் இறந்தனர். சுமார் 25 பேருக்கான படகில் 40க்கும் மேற்பட்டோர் இருந்தனர். இறந்தவருள் பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து சென்றவர்கள். முட்டுக்காடும் அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது; செங்கற்பட்டு தனி மாவட்டமானது 2019இல்.

2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில், மீன்பிடிப் படகாக இருந்து சுற்றுலாப் படகாக மாற்றப்பட்ட கலம் ஒன்று இருட்டிய வேளையில் கவிழ்ந்தது. 22 பேர் இறந்தனர், பலர் குழந்தைகள். மீனையும் வலையையும் தாழ்வாக ஏற்றிச் செல்ல அமைந்த படகின்மேல் ஒரு தளம் கட்டி ஆட்களை ஏற்றினால், அதன் எடை மையம் எங்கே போகும் என்பதை நீங்கள் இப்போது கூறிவிடுவீர்கள்.

இந்நிகழ்ச்சிகள் அனைத்துக்கும் முன்பே 282ஆம் பிரிவு இருந்தது. ஐந்தில் நான்குக்கு முன் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆய்வு முறையும் இருந்தது. பல்லனைப் படகு மட்டும் அன்றைய திருவிதாங்கூர் அரசின் எல்லையில் ஓடியது. நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. துறையில்தான் அது இல்லை.

புதிய சட்டம்

1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2021இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயற்றப்பட்டது. முன்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட பதிவு முறை மாறி, ஓரிடத்துப் பதிவு நாடு முழுவதும் செல்லும் என்றாயிற்று. ஆய்வு, ஓட்டுநர் தகுதி, உயிர்காப்புக் கருவிகள், காப்பீடு ஆகியவற்றுக்குப் பொதுவான தரம் வகுக்கப்பட்டது. அமைதியான காயலில் செல்லத் தக்க படகு, அலை மிகுந்த கழிமுகத்துக்குத் தக்கதாக இராது என்பதால், நீர்ப்பரப்புகளை மண்டலங்களாகப் பிரிக்கவும் வழி செய்யப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, விசையில்லாத ஓடங்களும் உள்ளாட்சி மட்டத்தில் பதிவு செய்யப்பட வேண்டும் என்று முதன்முறையாக இம்மத்தியச் சட்டம் கூறியது. நூறாண்டுப் பழைய ஓட்டையை அடைக்கும் முயற்சி இது.

தண்டனைச் சட்டமும் மாறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 282ஆம் பிரிவு 284ஆம் பிரிவாகியுள்ளது. சிறை அதே ஆறு மாதம் வரைதான். அபராத வரம்பு ஐயாயிரம் ரூபாய் ஆயிற்று. ஒரு விடுமுறை நாளில் நெரிசலான சுற்றுலாத் துறையில் இத்தொகையை ஈட்ட எத்தனை நடை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அபராதம் மட்டும் உயிரைக் காக்காது என்பது தெளிவாகும்.

சட்டம் துறைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே எடுத்துக்காட்டு உண்டு. ஒகேனக்கல்லில் காவிரியின் நீர்வரத்து உயரும்போது பரிசல் இயக்க மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கின்றது. நீர் வடிந்ததும் தடை நீங்குகின்றது. பரிசல்காரர்களுக்கு அந்நாள்களில் வருமானம் இல்லை. அது மெய்யான துன்பமே. ஆயினும் ஆற்றின் நிலையை அளந்து அதற்கேற்ப விதியை இயக்கும் முறை அது. அளவீடும் சட்டமும் ஒன்றையொன்று பற்றி நடப்பதை அங்கே காணலாம்.

நீங்கள் செய்யக் கூடியது

அடுத்த முறை முட்டுக்காட்டிலோ வேறு எந்தத் துறையிலோ படகேறும்போது நான்கு செய்திகளைக் கவனியுங்கள். படகில் எத்தனை பேர் ஏறலாம் என்ற எண் எழுதப்பட்டிருக்கின்றதா? ஏறியவர்களை எண்ணுங்கள், குழந்தைகளையும் சேர்த்தே எண்ணுங்கள். மிதவைச் சட்டையை வாங்கி, அணிந்து, முடிச்சிட்டபின் ஏறுங்கள். இருக்கைக்கு அடியில் கிடக்கும் சட்டை உங்களைக் காக்காது. படகு நகர்ந்தபின் எழுந்து நிற்காதீர்கள். எவ்வளவு அழகிய காட்சியானாலும் ஒரே பக்கம் திரளாதீர்கள்.

“இரண்டு பேர்தானே, ஏறிக்கொள்ளட்டும்” என்று கூட்டத்தில் ஒரு குரல் எழும். பெரும்பாலும் அக்குரல் ஓடக்காரருடையது அன்று. பிரிந்து செல்ல மனமில்லாத நம் குடும்பத்தாருடையதே. ஓடக்காரர் மறுத்தால் அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் மறுக்காவிட்டால் நீங்கள் மறுத்து, அடுத்த படகுக்குக் காத்திருங்கள். கால் மணி நேரம் தாமதமாகலாம். அந்தக் கால் மணி நேரம் கரையில் நின்று, முன்னே செல்லும் படகின் விளிம்பு நீருக்கு மேல் எத்தனை சென்டிமீட்டர் இருக்கின்றது என்று மதிப்பிட்டுப் பாருங்கள்.